ரெகினாவை விலக்கிய பின்னும் கீர்க்கெகார்ட் அவரையே எழுதியது ஏன்?

டென்மார்க் தத்துவவாதி சோரன் கீர்க்கெகார்ட், தாமே முறித்துக்கொண்ட காதலை ஏன் இறுதிவரை எழுத்தில் சுமந்தார் என்பது கேள்வி. 1840 செப்டம்பரில் ரெகினா ஓல்சனுடன் அவருக்குத் திருமணம் நிச்சயமானது. மறுநாளே தவறு செய்துவிட்டதாக உணர்ந்தவர், தம் தீராத மனத்துயரை இளம்பெண் ஒருத்தியின் வாழ்வில் ஏற்றலாகாது என்றெண்ணி, 1841இல் மோதிரத்தைத் திருப்பியனுப்பிவிட்டு, அவ்வாண்டு அக்டோபரில் பெர்லினுக்குப் புறப்பட்டார். காதல் முடியவில்லை, எழுத்தாக இடம் மாறியது என்பேன். 1843இல் வெளிவந்த அவரது நூலான 'அச்சமும் நடுக்கமும்', விவிலியத்தில் வரும் ஆபிரகாம் கடவுளின் கட்டளைப்படி தம் அருமை மகனைப் பலியிடத் துணிந்த கதையை ஆராய்கிறது. உயிரினும் மேலானதைத் தம் கையாலேயே துறக்க நேர்ந்தவரின் வாக்குமூலமும் அதில் ஒலிக்கிறது.

என் மனத்தைவிட்டு அகலாதது ஓர் அலமாரி. அவரோடு இருக்க முடியுமானால் சிறு அலமாரிக்குள்கூட வாழ்ந்துவிடுவேன் என்று ரெகினா ஒருமுறை மன்றாடியிருந்தார். அந்தச் சொல்லை மறவாமல், உள்ளே தட்டுகளே இல்லாத ஓர் அலமாரியைச் செய்வித்து, ரெகினாவை நினைவூட்டும் அனைத்தையும் அதில் பாதுகாத்தார் கீர்க்கெகார்ட். 1847இல் ரெகினா வேறொருவரை மணந்தார். ஆயினும் 1855இல் கீர்க்கெகார்ட் இறந்தபோது, தம் உடைமைகள் யாவும் ரெகினாவுக்கே என்று எழுதிவைத்திருந்தார். கடிதங்களையும் சில சிறு பொருள்களையும் தவிர, ரெகினா வேறெதையும் ஏற்கவில்லை.