குத்துச்சண்டை வீரர்கள் முகமது அலியும் மைக் டைசனும் தத்தம் உச்ச நிலையில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்?

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகங்களில் தே தாரிக் எனும் இழுத்த தேநீர் ஆறிப்போகும் வரை நீளும் இந்த விவாதத்தில், எந்த அலி என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். 1975இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரைப் பதினைந்து சுற்றுகளில் புள்ளிக் கணக்கில் வென்ற அலியை என் தந்தையார் நேரில் பார்த்தவர். ஆனால் அந்த அலிக்கு வயது 33, கால்களில் பழைய வேகம் இல்லை. ஒப்பிட வேண்டியவர், 1966இல் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றே சுற்றில் முடித்த அலி. எதிரே, 1988இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் வீழ்த்திய டைசன்.

டைசன் கைகளைக் கன்னத்தோடு ஒட்டி, தலையை இருபுறமும் அசைத்தபடி உள்ளே நுழைந்து, விலாவில் ஒன்றும் அடுத்த கணமே தாடையில் ஒன்றுமாக இறக்குபவர். அலியோ கைகளைத் தாழ்த்தி, தலையைப் பின்னால் சாய்த்துத் தப்புபவர் என்பதால், இடக்கை ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) அவருக்கு எப்போதுமே ஆபத்து. 1971இல் ஜோ ஃபிரேசியர் அவரைத் தரையில் சாய்த்ததும் அதனால்தான். எனினும், அலி உடனே எழுந்துவிட்டார்.

எனக்கு 1990 டோக்கியோ சண்டையே முக்கியச் சான்று. உயரமான பஸ்டர் டக்ளஸ், அஞ்சாமல் ஜாப் எனும் நீண்ட நேர்க்குத்துகளால் டைசனைத் தள்ளிநிறுத்தி, பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். அன்றைய டைசன் 1988இன் டைசன் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் அலியின் ஜாப் டக்ளஸுடையதைவிட விரைவானது. முதல் நான்கு சுற்றுகளைத் தாண்டிவிட்டால், பத்தாம் சுற்றுக்குள் அலியே வெல்வார் என்பது என் உறுதியான கணிப்பு.