பள்ளி ஆசிரியர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் ஒருநாள் தொழில்நுட்பப் பயிற்சிப் பட்டறை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். உருப்படியாக நடத்துவது எப்படி?

ப்ரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் எல்லோரும் தேடும் ஆள் நான்தான். வேறு தகுதி எதுவும் கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காகவே "நீங்களே எல்லோருக்கும் ஒரு பட்டறை நடத்திவிடுங்கள் சார்" என்று சில வருடங்களுக்கு முன்னால் என் தலையில் கட்டினார்கள். அதிலிருந்து வருடத்துக்கு ஒன்றிரண்டாவது நடத்திக்கொண்டிருக்கிறேன்.

முதல் பட்டறைக்கு 60 ஸ்லைடு தயார் செய்தேன். காலையில் மின்னஞ்சல், அப்புறம் எக்செல், மதியம் ஆன்லைன் படிவம், வீடியோ எடிட்டிங், கடைசி அரைமணி இணையப் பாதுகாப்பு. நாற்பது பேர் வந்தார்கள், குறிப்பெடுத்தார்கள், கருத்துப் படிவத்தில் "மிக நன்று" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மதிப்பெண்களைப் பழையபடி கால்குலேட்டரில் கூட்டி, வந்த விடையை எக்செலில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மூத்த கணக்கு டீச்சர் சராசரி போடுவது எப்படி என்று கேட்டார். அவர் கையிலிருந்த மௌஸை வாங்கி இருபது வினாடியில் போட்டுக் காட்டினேன். "புரிந்ததா டீச்சர்?" என்றேன். "நன்றாகப் புரிந்தது சார். அடுத்த பரீட்சைக்கும் வந்துவிடுங்கள்" என்றார்.

அன்றைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். பட்டறையில் இன்னொருவரின் மௌஸை நான் தொடமாட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். "மேலே இடது பக்கம் பாருங்கள், இன்னும் கொஞ்சம் கீழே" என்று வாயால் வழிகாட்டுவது எவ்வளவு பொறுமையைச் சோதிக்கும் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். மற்ற ஏற்பாடுகளை எல்லாம் நான் இந்த விதியை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

இது ஏதோ என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். அப்புறம் பார்த்தால், ப்ரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் என்ற கல்வி ஆய்வாளர்கள் 1980-லேயே ஆசிரியர் பயிற்சிகளை அலசி இதை எழுதிவிட்டார்கள். விளக்கிச் சொல்வது, செய்து காட்டுவது, செய்ய வைப்பது, தப்பைச் சுட்டிக்காட்டுவது, திரும்பப் போய் வகுப்பிலேயே கூட நிற்பது என்று ஐந்து கட்டங்கள். என் 60 ஸ்லைடு முதல் இரண்டோடு நின்றுவிட்டது. தாமஸ் கஸ்கி என்ற இன்னொரு கல்வி ஆய்வாளர் 1986-ல் சொன்னது இன்னும் சுவாரசியம். ஆசிரியருக்கு முதலில் நம்பிக்கை வந்து, அதன் பிறகு முறை மாறும் என்று நாம் நினைக்கிறோம். அவர் அதைத் திருப்பிப் போட்டார். செய்து பார்த்து, மாணவர்களிடம் பலன் தெரிந்த பிறகுதான் நம்பிக்கையே வருகிறதாம். அதனால் "தொழில்நுட்பத்தின் முக்கியத்துவம்" என்ற தொடக்க உரையை இப்போதெல்லாம் நான் வைப்பதில்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை.

சரி, உங்கள் பட்டறைக்கு வருவோம்.

பத்து நாள் முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். "என்ன கற்றுக்கொள்ள ஆசை?" என்று கேட்டால் பாதிப் பேர் "பேசிக்ஸ்" என்பார்கள், மீதிப் பேர் "ஏஐ" என்பார்கள். "போன வாரம் எந்த வேலை உங்கள் நேரத்தைத் தின்றது?" என்று கேட்டுப் பாருங்கள். மதிப்பெண் தொகுப்பு, ஒரே கடிதத்தை முந்நூறு பெற்றோருக்குப் பெயர் மாற்றி அடிப்பது, பென்டிரைவில் எது கடைசிப் பிரதி என்று தேடுவது என்று உண்மையான வேலைகள் வரிசையாக வரும். அவற்றில் இரண்டை எடுங்கள். மூன்றாவது பெரிய வேலைக்கு அன்றைக்கு நேரம் இருக்காது.

அலுவலக ஊழியர்களை ஆசிரியர்களோடு சேர்த்து உட்கார வைக்காதீர்கள். வகுப்பறைக் கருவிகளைப் பற்றிப் பேசும் இரண்டு மணிநேரம் அவர்கள் கடைசி வரிசையில் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார்கள். பள்ளியில் மிக அதிகமாகக் கணினியைத் தட்டுவது அவர்கள்தான். அவர்களுக்குத் தனி அமர்வு வையுங்கள்.

கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் முந்தின நாளே சரிபார்த்துவிடுங்கள். ஒருமுறை முதல் 45 நிமிடம் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது", "ஓடிபி மகனுடைய போனுக்குப் போகிறது" என்றே கழிந்தது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் இணைந்தால் வைஃபை படுத்துவிடும் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. பயிற்சிக்கான கோப்பைப் பென்டிரைவிலும் வைத்திருங்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி, மதிப்பெண் பட்டியல். மாதிரிப் பட்டியல் வேண்டாம். அவரவர் வகுப்பின் சொந்தப் பட்டியலையே கொண்டுவரச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, ஐந்து பேர் எழுத வேண்டிய தேர்வு, நால்வர் வாங்கியது 45, 38, 40, 27. ஒருவர் வரவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் எக்செல் தரும் சராசரி 37.5. அங்கே 0 என்று போட்டால் 30. 'ஆப்சென்ட்' என்று எழுத்தில் போட்டால் சராசரிக்கான சூத்திரம் அதைக் கண்டுகொள்ளாமல் 37.5 என்றே காட்டும். ஆனால் யாராவது கூட்டல் குறி போட்டு ஒவ்வொரு கட்டமாகக் கூட்டி ஐந்தால் வகுக்கப் பார்த்தால், விடைக்குப் பதில் பிழைச் செய்திதான் வரும். முதல் தடவை இதை நான் காட்டியபோது அறையில் பெரிய விவாதமே கிளம்பிவிட்டது. வராதவரைச் சராசரியில் சேர்ப்பதா வேண்டாமா? ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு மாதிரி செய்துகொண்டிருந்தார்கள் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. அது பள்ளி எடுக்க வேண்டிய முடிவு, எக்செலைக் கேட்டுப் பயனில்லை. இருபது நிமிடம் போனதே என்று எனக்கு வருத்தமே இல்லை.

அப்புறம் ஒரு கோப்பைக் கெடுக்கச் சொல்லுங்கள். நிஜமாகத்தான். பட்டியலை நகலெடுத்துக்கொண்டு, மதிப்பெண் இருக்கும் செங்குத்து நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து இறங்குவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். பக்கத்து நிரல்களையும் சேர்த்துக்கொள்ளவா என்று எக்செல் கேட்கும். வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, மதிப்பெண்கள் மட்டும் இடம் மாறி, கடைசி பெஞ்சுப் பையன் முதலிடத்தில் வந்து நிற்பான். எல்லோரும் சிரிப்பார்கள். கன்ட்ரோல் இசட் அடித்ததும் எல்லாம் பழையபடி வந்துவிடும். பெரியவர்களில் பலர் கணினியைத் தொடத் தயங்குவதற்குக் காரணம் அறிவுக்குறைவு இல்லை, 'ஏதாவது ஆகிவிட்டால்?' என்ற பயம். கெடுத்ததைத் தானே சரிசெய்த ஒருவருக்கு அந்தப் பயம் பாதியாகக் குறைகிறது.

அலுவலக அமர்வில் மெயில் மெர்ஜ் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தாலே போதும். ஒரு கடிதம், ஒரு பெயர்ப்பட்டியல், முந்நூறு கடிதங்கள் தயார். கூடவே அவர்கள் தினமும் மாட்டிக்கொள்ளும் சில்லறைப் பிரச்சினைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை எக்செல் விழுங்கிவிடும், எண்ணைத் தட்டுவதற்கு முன்னாலேயே அந்த நிரலை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட வேண்டும். வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய சிஎஸ்வி (கமாவால் பிரித்த பட்டியல்) கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ்ப் பெயர்கள் பல நேரம் குப்பையாகத் தெரியும், எக்செலின் டேட்டா மெனு வழியாக, எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் சரியாகிவிடும். பெற்றோர் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பும்போது முகவரிகளை, பெறுபவர்களுக்குத் தெரியாமல் மறைக்கும் பிசிசி கட்டத்தில் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொருவரின் முகவரியும் எல்லோர் கைக்கும் போய்விடும். பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள் இருந்தால் எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றுவதையும் காட்டலாம். ஆனால் அதற்குள் போனால் அன்றைய பொழுது முழுவதும் அதற்கே சரியாகிவிடும்.

பாடம் நடத்தும் கருவிகளை எல்லோருக்கும் பொதுவாகக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்கு ஆசிரியர்களை மட்டும் உட்கார வைத்து ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளில் ஒரு முக்கோணம் வரையச் சொல்லுங்கள். முனையைப் பிடித்து எப்படி இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையிலேயே நிற்பதைப் பார்த்தால், அடுத்த வகுப்பில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள். மொழி ஆசிரியருக்கு அந்த முக்கோணத்தால் என்ன பயன்? யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பத் திறன் சட்டகத்தில் ஆறு பகுதிகள் இருக்கின்றன. அவற்றில் கருவியைக் கையாளும் திறன் ஒரே ஒரு பகுதி. பாடத்திட்டமும் மதிப்பீடும், கற்பிக்கும் முறை, நிர்வாகம் என்று மற்றவை விரிகின்றன. நாம் நடத்தும் பட்டறைகளோ அந்த ஒன்றையே சுற்றிச் சுற்றி வருகின்றன.

ஆன்லைன் படிவம் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. நிரப்புவதற்கான இணைப்பு வேறு, திருத்துவதற்கான இணைப்பு வேறு. படிவத்தைத் திருத்தும் உரிமையை 'இணைப்பு வைத்திருக்கும் எவருக்கும்' என்று திறந்துவிட்டு, அதே இணைப்பை ஒருமுறை வகுப்புக்கு நானே அனுப்பித் தொலைத்தேன். கால் மணிநேரத்தில் மூன்றாவது கேள்வி "சாப்பிட்டீங்களா சார்?" என்று மாறியிருந்தது.

இணையப் பாதுகாப்பில் பயமுறுத்தும் கதைகளைத் தவிர்த்துவிட்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தல்) அங்கேயே உட்கார்ந்து அவரவர் கையால் இயக்க வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் பழைய அறிவுரை வேண்டாம். காரணமில்லாமல் கட்டாயப்படுத்தி மாற்ற வைக்க வேண்டியதில்லை என்று அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே சொல்லிவிட்டது. மாற்றிக்கொண்டே இருந்தால் அது கடைசியில் மானிட்டரில் ஒட்டிய சீட்டில்தான் போய் முடியும்.

ஏஐ பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். வினாத்தாளுக்கு முதல் வரைவு எடுக்கக் காட்டுங்கள். பிறகு அதிலிருக்கும் தப்பான விடையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒன்றாவது மாட்டும். மாணவர்களின் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் போடக்கூடாது என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். அன்றைக்கு இவ்வளவு போதும்.

உட்கார வைக்கும் விதத்தில் எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. பெரியவருக்கு உதவியாக ஓர் இளம் ஆசிரியரைப் பக்கத்தில் போடுவார்கள். ஐந்தாவது நிமிடத்தில் மௌஸ் இளையவர் கைக்குப் போய்விடும், பெரியவர் தலையாட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். தெரியாதவர்கள் இருவரைச் சேர்த்து உட்கார வைத்தால் இருவருமே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்கிறார்கள். வேகமானவர்களைத் தனி மேசையில் போட்டு வேறு வேலை கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, கேள்வியில் இருக்கும் அந்த 'ஒருநாள்'. முடிந்தால் நிர்வாகத்திடம் பேசி அதை இரண்டு அரைநாளாகப் பிரித்து வாங்குங்கள். முதல் அரைநாள் பட்டறை. மூன்று வாரம் கழித்து, ஏதாவது ஒரு தேர்வு முடிந்து மதிப்பெண் ஏற்றும் நாளாகப் பார்த்து, இரண்டாவது அரைநாள் நீங்கள் ஆசிரியர் அறையிலும் அலுவலகத்திலும் மேசை மேசையாகப் போய் நிற்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான். அந்தக் கணக்கு டீச்சரிடம் அப்படிப் போய் நின்றபோது ஒரே ஒரு பட்டியலுக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதற்கடுத்த தேர்வுக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

விடுமுறை நாளில் வைத்துவிடாதீர்கள். குறைந்தது நாலு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்து வையுங்கள், மதியத்துக்குள் பாதி லேப்டாப்பில் சார்ஜ் இறங்கிவிடும்.