யாரும் தொடாமலே அழுந்திய பட்டன்

வணக்கம் அண்ணா,

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறேன். சீசனில் தினமும் சாயங்காலம், மறுநாள் லோடு அனுப்ப வேண்டிய ஏஜென்டுகளுக்கு கூகுள் ஷீட்டிலிருந்து ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்டோடு சேர்த்து ஓட்டும் கூகுளின் நிரல் வசதி) வழியாக மெயில் போகிற மாதிரி செய்து வைத்திருக்கிறேன். மெயிலில் ‘வண்டி வரும்’, ‘வராது’ என்று இரண்டு பட்டன். எதை அழுத்தினாலும் ஷீட்டில் அவர் வரிசையில் பதில் விழும். எல்லோருக்கும் சரியாக நடக்கிறது, ஒருவருக்கு மட்டும் இல்லை. அவர் அவுட்லுக்கில் கம்பெனி மெயில் வைத்திருக்கிறார். மெயில் போன கையோடு இரண்டு பதிலும் விழுந்து, கடைசியில் ‘வராது’ என்று நிற்கிறது. போன வாரம் அதை நம்பி அவர் நேரத்தை இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டோம். காலையில் பார்த்தால் பெங்களூரா மாம்பழ லோடோடு வண்டி கேட்டில் நிற்கிறது, ஒரே சண்டை. ‘நான் மெயிலையே திறக்கவில்லை’ என்கிறார். பட்டனில் ஜாவாஸ்கிரிப்ட் போட்டு ரிக்வெஸ்ட் அனுப்பினால் சரியாகுமா? ஏஎம்பி மெயில் என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்கு மாறிவிடலாமா?

ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

தம்பிக்கு,

அந்த ஏஜென்ட் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும், முதலில் அவரிடம் சமாதானமாகப் போய்விடுங்கள். கம்பெனி மெயில்களுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு பாதுகாப்பு வடிகட்டி உட்கார்ந்திருக்கும். மைக்ரோசாஃப்டின் சேஃப் லிங்க்ஸ் அந்த வகைதான். வருகிற மெயிலில் இருக்கும் லிங்க்குகளை, ஏமாற்று வேலை ஏதாவது இருக்கிறதா என்று அது தானே திறந்து பார்க்கும். உங்கள் மெயிலில் இருப்பது இரண்டு லிங்க், இரண்டையும் திறந்தது, இரண்டுக்கும் உங்கள் ஸ்கிரிப்ட் பதில் எழுதிவிட்டது. ஷீட்டில் நேரத்தையும் பதிவு செய்து பாருங்கள், மெயில் போன நேரத்தை ஒட்டியே இரண்டும் அடுத்தடுத்து விழுந்திருந்தால் இதுதான்.

இதில் வடிகட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. லிங்க்கைத் திறந்தால் போவது ‘கெட்’ வகை ரிக்வெஸ்ட். கெட் என்பது பார்ப்பதற்கு, எதையும் மாற்றுவதற்கு அல்ல என்று வெப் பக்கங்கள் போய் வருகிற எச்டிடிபி விதியே சொல்கிறது (2022இல் வந்த ஆர்எஃப்சி 9110 என்கிற இணைய விதி ஆவணத்திலும் இருக்கிறது, அதற்கு முந்தைய பதிப்புகளிலும் இருந்தது). வே பிரிட்ஜில் எடையை எட்டிப் பார்ப்பது வேறு, சீட்டுப் போடுவது வேறு இல்லையா? நீங்கள் எட்டிப் பார்த்தவனுக்கெல்லாம் சீட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். இது பழைய வம்புதான். 2005இல் கூகுள் வெப் ஆக்ஸிலரேட்டர் என்று ஒன்றை விட்டார்கள், பக்கங்கள் சீக்கிரம் திறக்கட்டும் என்று லிங்க்குகளை அது முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளும். ‘டெலிட்’ என்பதை வெறும் லிங்க்காக வைத்திருந்த தளங்களில் ஆட்களின் தகவல்கள் பாட்டுக்குக் காணாமல் போயின.

ஜாவாஸ்கிரிப்ட் யோசனையை விட்டுவிடுங்கள். ஜிமெயிலோ அவுட்லுக்கோ, மெயிலுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டை ஓடவே விடாது. முன்பின் தெரியாத யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம் என்கிற இடத்தில் அதை ஓடவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். ஆக, நீங்கள் பட்டன் என்று வைத்திருப்பது கலர் அடித்த லிங்க்தான்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். லிங்க்கைத் திறந்ததும் ஓடும் டூகெட் (doGet) ஃபங்ஷனிலிருந்து ஷீட்டில் எழுதும் வரியை மொத்தமாக எடுத்துவிடுங்கள். அது ஒரு சின்னப் பக்கத்தைக் காட்டினால் போதும்: ஏஜென்ட் பெயர், தேதி, எத்தனை டன், கீழே ‘வரும்’, ‘வராது’ என்று இரண்டு பட்டன், அவை ‘போஸ்ட்’ முறையில் (கெட் பார்ப்பதற்கு என்றால் இது மாற்றுவதற்கு) போகும் ஒரு ஃபார்முக்குள். ஷீட்டில் எழுதுகிற வேலை, போஸ்ட் வந்தால் ஓடும் டூபோஸ்டுக்கு (doPost). ஆப்ஸ் ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தை ஒரு ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம்) வைத்துத்தான் காட்டும், அதனால் ஃபார்மின் டார்கெட்டை ‘_top’ என்று வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பட்டனை அழுத்தியதும் வெள்ளைப் பக்கம்தான் வரும். ஏஜென்டுக்கு ஒரு தட்டு கூடும், அவ்வளவுதான். அந்த ஒரு தட்டையும் மிச்சப்படுத்த, பக்கம் திறந்ததும் ஃபார்ம் தானாகப் போகிற மாதிரி வைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். சில வடிகட்டிகள் பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்க்கும், அப்புறம் மறுபடியும் கேட்டில் சண்டைதான். மெயில் போன ஒரு நிமிஷத்துக்குள் வரும் பதிலைத் தள்ளிவிடலாம் என்கிற குறுக்குவழியையும் நான் நம்ப மாட்டேன், வடிகட்டி எந்த நேரத்தில் பார்க்கும் என்பது நம் கையில் இல்லை, கையில் போனோடு உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் அதைவிட வேகமாகப் பதில் சொல்லிவிடுவார்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. லிங்க்கில் ஏஜென்டை அடையாளம் காட்ட ஷீட்டின் வரிசை எண்ணைப் போட்டிருந்தால், 14ஐ 15 ஆக்கி அடுத்தவர் லோடை ‘வராது’ என்று மாற்ற யாராலும் முடியும். சீசன் போட்டியில் இதைச் செய்ய ஆள் இருக்காது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒவ்வொரு மெயிலுக்கும் ஆப்ஸ் ஸ்கிரிப்டிலேயே ஒரு யூயூஐடி (யாராலும் ஊகிக்க முடியாத நீள அடையாளக் குறி) உருவாக்கி, அதை ஷீட்டில் ஒரு நெடுவரிசையில் வைத்துக்கொண்டு, லிங்க்கில் அதையே அனுப்புங்கள்.

ஏஎம்பி விஷயம். 2019இலிருந்து ஜிமெயிலில் இருக்கிறது, மெயிலுக்குள்ளேயே ஃபார்ம் நிரப்பி ரிக்வெஸ்ட் அனுப்பலாம், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அனுப்புகிறவர் கூகுளிடம் பதிவு செய்ய வேண்டும், மெயில் நிஜமாகவே உங்களிடமிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகளில் எல்லாம் தேற வேண்டும். மைக்ரோசாஃப்ட் இதைச் சோதித்துப் பார்த்து 2020இலேயே கைவிட்டுவிட்டது. உங்களுக்குத் தொல்லை கொடுப்பதே அவுட்லுக்காரர்தான், அவருக்கு அப்போதும் சாதா மெயில்தான் தெரியும். இத்தனை பாடும் ஏஜென்டுகளில் பாதிப் பேர் மெயிலைப் பார்க்காமல் போனில் கூப்பிட்டுச் சொல்வதற்கா?

பெரிய ஆட்களும் இதே சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். விளம்பர மெயில்களில் ‘அன்சப்ஸ்கிரைப்’ லிங்க்கை வடிகட்டி திறந்து பார்த்து, ஆளுக்கே தெரியாமல் அவர் பெயரை நீக்கிவிடும். அதற்காக 2017இல் ஆர்எஃப்சி 8058 வந்தது: மெயிலின் ஹெட்டரில் முகவரி இருக்கும், பட்டனை மெயில் ஆப்பே காட்டும், அழுத்தினால் போஸ்ட் போகும். கூட்டமாக மெயில் அனுப்புகிறவர்களிடம் ஜிமெயிலும் யாஹூவும் 2024இலிருந்து இதைக் கேட்கின்றன. அங்கேயும் வழி போஸ்ட்தான்.

ஸ்கிரிப்டை மாற்றிய பிறகு புது டிப்ளாய்மென்ட் (வெளியீடு) போடாதீர்கள், யூஆர்எல் மாறிவிடும். இருப்பதையே எடிட் செய்து புது வெர்ஷன் கொடுங்கள், வெறுமனே சேவ் செய்தால் பழைய ஸ்கிரிப்ட்தான் ஓடும். யூஆர்எல் அதேதான் என்பதால் பழைய மெயில்களில் கிடக்கும் லிங்க்குகளும் புதுப் பக்கத்துக்கே வரும். யூயூஐடி இல்லாமல் வருகிறவருக்கு ‘இந்த லிங்க் காலாவதி, ஆலைக்கு போன் செய்யவும்’ என்று ஒரு வரி காட்டிவிடுங்கள்.