பக்கத்து காலேஜ் கோச் ஏன் நம்ம பையனை வந்து பாக்கல?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கோம். பையன் பத்தாவது, ஸ்கூலோட மெயின் பாஸ்கெட்பால் டீம்ல (வார்சிட்டி) கார்டா, அதாவது பந்தை கொண்டு போய் ஆட்டத்தை நடத்துற இடத்துல ஆடுறான். அரை மணி நேர தூரத்துல இருக்கிற காலேஜ் கோச்சுங்களுக்கு ஹைலைட் வீடியோ மெயில் பண்ணோம், ஒருத்தரும் பதில் போடல. லோக்கல் பசங்களை வச்சுதான் டீம் கட்டுவாங்கன்னு சொல்றாங்களே, அது எப்படி நடக்குது?

பதில்: டிவிஷன் 1 (காலேஜ் ஸ்போர்ட்ஸ்ல மேல் லெவல்) கோச்சா இருந்தா பதில் வராதுங்க, ஆண்கள் பாஸ்கெட்பால்ல பத்தாவது முடிஞ்சு வர்ற ஜூன் 15 வரைக்கும் பையனுக்கு போனோ மெசேஜோ பண்ணக்கூடாதுன்னு காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்துற என்சிஏஏவோட ரூல் இருக்கு. ஆனா அவனோட ஸ்கூல் கோச்கிட்ட பேச தடையில்ல, லோக்கல் ரெக்ரூட்டிங் பெரும்பாலும் நடக்குறதே அங்கதான். மாப்பிள்ளை பாக்குறப்ப பக்கத்து வீட்ல விசாரிக்கிற மாதிரி, பையன் பிராக்டிஸ்க்கு ஒழுங்கா வர்றானா, பெஞ்ச்ல உக்கார வச்சா மூஞ்ச தூக்கிக்கிறானான்னு ஸ்கூல் கோச், ஏஏயூ (ஸ்கூலுக்கு வெளிய ஆடுற கிளப் டீம்) கோச்கிட்டதான் கேப்பாங்க.

வாஷிங்டன்ல இருக்கிற ஜார்ஜ்டவுன் யுனிவர்சிட்டி கதையைப் பாருங்க, 1971-72 சீசன்ல 3 மேட்ச் ஜெயிச்சு 23 தோத்துப் போன டீம் அது, உடனே அதே வாஷிங்டன்ல செயின்ட் ஆன்டனிங்கிற ஸ்கூல்ல கோச்சா இருந்த ஜான் தாம்சனை கூட்டிட்டு வந்தாங்க, அவர் தன் ஸ்கூல் பசங்க சில பேரையும் சேத்தே கூட்டிட்டு வந்தாரு, 1975லயே என்சிஏஏ டோர்னமென்ட்டுக்கு (தேசிய சாம்பியன்ஷிப் போட்டி) போயிட்டாங்க. 1984ல சாம்பியன் ஆனப்ப ஸ்டாரா இருந்த பேட்ரிக் யூவிங் மாசசூசெட்ஸ்ல ஸ்கூல் முடிச்சவர். லோக்கல் பசங்க அஸ்திவாரம் போட்டப்புறம்தான் வெளியூர் ஸ்டாருங்க வருவாங்க.

உங்க பக்கத்துலயே ஜெர்சி சிட்டில செயின்ட் பீட்டர்ஸ் யுனிவர்சிட்டி இருக்கு. 2022ல அதே டோர்னமென்ட்ல 15ஆவது சீடா (தரவரிசைல கிட்டத்தட்ட கடைசி) போய் கென்டக்கி, பர்டூவையெல்லாம் அடிச்சு கடைசி 8 வரைக்கும் வந்தாங்க, அந்த டீம்ல ஆடுன டக் எடர்ட் நியூ ஜெர்சி நட்லி ஊர் பையன். ஆனா சீசன் முடிஞ்ச கையோட கோச் ஷஹீன் ஹாலோவே நியூ ஜெர்சியிலயே இருக்கிற சீட்டன் ஹால் யுனிவர்சிட்டிக்கு போயிட்டாரு, டீம்ல ஆடுன கேசி என்டெஃபோவும் பின்னாடியே போனாரு. இப்ப நிலவரம் இதுதான், 2021லேர்ந்து ஒரு வருஷம் சும்மா உக்காராமலே காலேஜ் மாறலாம்னு ஆனதுல, 18 வயசு பையனை வளக்குறதுக்கு பதிலா போர்ட்டல்ல (காலேஜ் மாற விரும்புற பிளேயருங்க பேர் இருக்கிற லிஸ்ட்) 22 வயசு ஆளை எடுக்கலாம்னு நிறைய கோச்சுங்க போயிட்டாங்க. எனக்கு இது புடிக்கல, ஆனா அவங்க வேலையும் ஜெயிக்கிறதுலதான் தொங்குது. புத்திசாலி கோச்சுங்க ஸ்கூல் கோச்சுங்களோட உறவை மட்டும் விடமாட்டாங்க, இன்னைக்கு வேற ஊருக்கு போன பையன் ரெண்டு வருஷத்துல வீட்டுப் பக்கம் திரும்பலாம்னு நினைக்கிறப்ப மொதல்ல இந்த காலேஜ் கோச் ஞாபகம்தான் வரணும்.

அதனால மெயில் அனுப்பறதை குறைச்சுட்டு ஸ்கூல் கோச்கிட்ட போய் பையன் எந்த லெவலுக்கு ஆடுவான்னு ஒளிவுமறைவு இல்லாம கேளுங்க, அந்த லெவல் காலேஜ்களுக்கு அவரையே போன் பண்ணச் சொல்லுங்க. ஹைலைட்ஸ்ல எல்லாரும் ஹீரோதான், கூடவே ஒரு முழு மேட்ச் வீடியோவும் அனுப்புங்க. கேம்ப்புக்கு வாங்கன்னு லெட்டர் வந்தா குஷியாகி காசு கட்டிடாதீங்க, அது பல பேருக்கு மொத்தமா போற லெட்டரா இருக்கும். டிவிஷன் 3 (கீழ் லெவல்) கோச்சுங்களுக்கு அந்த ஜூன் 15 தடை இல்ல, இப்பவே பேசுவாங்க, ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையாது ஆனா மார்க்குக்கும் குடும்ப வருமானத்துக்கும் உதவித்தொகை உண்டு. ஆமா, டிவிஷன் 1க்கு 16 கோர் கோர்ஸ் (இங்கிலீஷ், கணக்கு மாதிரி முக்கிய பாடங்க), அதுல குறைஞ்சது 2.3 ஜிபிஏ (4க்கு கணக்கு போடுற சராசரி மார்க்) வேணும், ஒன்பதாவது மார்க்கும் அதுல சேரும், இந்த வாரமே ஸ்கூல் கவுன்சிலரைப் பாத்து லிஸ்ட்டை சரிபாத்துக்கோங்க.