தொழுவுரம் போட்டும் மண் பரிசோதனையில் அங்ககக் கார்பன் (மக்கிய பொருளில் உள்ள கார்பன்) 0.5 சதவீதத்திலிருந்து 0.4 ஆனது ஏன்?

நீங்கள் இரண்டு வருடமாகப் போட்ட உரத்தின் கார்பனில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக வெளியே விட்டுவிட்டன. எனக்குச் சந்தேகம் ரோட்டவேட்டர் (மண்ணைச் சுழற்றிக் கிளறும் உழவுக் கருவி) மேல்தான். அது ஓடும்போதெல்லாம் மண்கட்டிகள் உடைந்து, உள்ளே பதுங்கியிருந்த மக்கிய பொருள் காற்றுபடத் திறந்துகொள்கிறது. வெயிலும் ஈரமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கோடை மழைக்குப் பின் ஓட்டுவது இன்னும் மோசம்.

ஒரு பாத்தியை மட்டும் உழாமல், சருகால் மூடாக்குப் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் இதே மாதம் அந்தப் பாத்தியிலும் வழக்கம்போல் உழுத பாத்தியிலும் சருகை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டிப் பல இடங்களில் மண் எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள்.

ஆனால் ஒன்று, மண் எடுத்த ஆழம் மாறினாலே 0.1 வித்தியாசம் வந்துவிடும். கரித்தூள் போட்டிருந்தால் டைக்ரோமேட் சோதனையில் (மண்ணின் கார்பனை அளக்கும் ரசாயன முறை) அது முழுதாகத் தெரியாது.