என்ன மருந்து கண்டுபிடித்தார்? – கடிதம்

அன்புள்ள சார்,

என் அக்கா மருந்தியல் பேராசிரியர். குடலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் உள்ள தொடர்பைத்தான் இத்தனை வருடமாக ஆராய்கிறார். வீட்டு விசேஷங்களில் யாராவது, "இதுவரைக்கும் என்ன மருந்து கண்டுபிடிச்சே?" என்று கேட்பார்கள். அக்கா சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. மருந்தே வராத மருந்தியல் ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன்? இன்னொன்று: புரோபயாட்டிக் மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்டால், "எதுக்காக?" என்று திருப்பிக் கேட்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

புது மருந்து செய்வது மருந்தியலில் ஒரு பகுதிதான். மருந்து உடலை என்ன செய்கிறது, உடல் மருந்தை என்ன செய்கிறது என்பதே அத்துறையின் அடிப்படைக் கேள்வி. குடலில் அது எவ்வளவு சிக்கலாகும் என்பதற்கு சல்ஃபசலசின் என்ற மருந்தின் கதை போதும்.

1940களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவப் பேராசிரியர் அதை மூட்டுநோய்க்காக உருவாக்கினார். பாக்டீரியாவை அடக்கும் ஒரு சல்ஃபா மருந்தையும், ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த ஒரு சாலிசிலேட்டையும் சேர்த்துக் கட்டிய மூலக்கூறு. பெருங்குடலில் புண்ணும் அழற்சியும் உள்ளவர்களுக்கும் அது பலன் தந்தது. ஏன் பலன் தருகிறது என்று தெரியாமலேயே மருத்துவர்கள் பல வருடம் எழுதிக்கொடுத்தார்கள். குடல் பாக்டீரியாக்கள்தான் அந்த மூலக்கூறை இரண்டாகப் பிரிக்கின்றன என்பதை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளை வைத்து 1972இல் காட்டினார்கள். 1977இல் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு பாதிகளையும் தனித்தனியே நோயாளிகளுக்கு எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குணம் தந்தது சாலிசிலேட் பாதி. பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை சல்ஃபா பாதியால் வந்தவை. அப்புறம்தான் சல்ஃபா இல்லாமல் அந்த சாலிசிலேட் பாதி மட்டுமே உள்ள மெசலசின் மாத்திரைகள் வந்தன. 1972இலும் 1977இலும் வேலை செய்தவர்கள் புது மூலக்கூறு எதையும் செய்யவில்லை. "ஏன்" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். சல்ஃபா ஒத்துக்கொள்ளாத எத்தனையோ பேருக்கு அந்தக் கேள்விதான் வழிவிட்டது. உங்கள் அக்கா இவர்களுடைய வரிசையில் நிற்பவர்.

இந்தத் துறைக்குக் குடல் புதிதும் அல்ல. குதிரை சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீர்) செலுத்திய கினிப் பன்றியின் சிறுகுடல் துண்டில் மறுபடி அதே சீரம் பட்டதும் தசை இறுகுவதை வில்லியம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1910இல் பதிவு செய்தார். ஒவ்வாமையை, அதாவது நோய் எதிர்ப்பின் ஒரு முகத்தை, ஒரு குடல் துண்டில் கண்ணால் பார்க்க முடிந்தது. எனக்கு இது இன்றும் வியப்பாக இருக்கிறது.

பாடம் நடத்துவது, ஆய்வு மாணவர்களின் அத்தியாயங்களைத் திருத்துவது, நிதிக்கு விண்ணப்பம் எழுதுவது, நெறிமுறைக் குழுவுக்குப் பதில் சொல்வது: அக்காவின் நாளில் பாதி இதில் போயிருக்கும். அவரிடம் படித்தவர்கள் நாளை மருந்து எழுதவோ, செய்யவோ, சோதிக்கவோ போகிறவர்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.

சரி, புரோபயாட்டிக், அதாவது உடலுக்கு நல்லது என்று உயிரோடு விழுங்கும் பாக்டீரியா. "எதுக்காக?" என்பது மிகச் சரியான கேள்வி. பலன் பாக்டீரியாவின் ரகத்தைப் பொறுத்தது, நோயையும் பொறுத்தது. ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்கச் சில ரகங்கள் உதவுவதற்குச் சான்று இருக்கிறது. ஆரோக்கியமாக இருப்பவர் "எதிர்ப்புச் சக்தி கூடட்டும்" என்று விழுங்குவதற்கு அந்த அளவு சான்று இல்லை. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த நோயாளிகளில் அந்த பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து தொற்றானதும் உண்டு. எதற்காக என்று அக்காவிடம் முதலில் சொல்லுங்கள். எந்த ரகம், எத்தனை நாள், தேவையா இல்லையா என்பதை அவரே சொல்லிவிடுவார்.