வாசகர் கேள்வி பதில்: ஸ்கேட்போர்டுக்கு எந்த மோட்டர், எப்படி மாட்டுறது?

கேள்வி: அண்ணே, நான் சுங்கை சிப்புட் பக்கத்துல தோட்டத்துல இருக்கேன், ஃபோம் 5. பழைய லோங்போர்டு ஒண்ணு இருக்கு, மோட்டர் போட்டு ஓட்டணும்னு ரொம்ப நாளா ஆசை. மாமா பட்டறையில கார் வைப்பர் மோட்டர் சும்மா கெடக்கு, அது போதுமா? இல்ல ஷாப்பியில 6374, 190 கேவின்னு போட்டிருக்கே, அத வாங்கவா? வீலுக்குள்ளயே மோட்டர் இருக்குற ஹப் டைப் மாட்ட ஈசின்னு கூட்டாளி சொல்றான். லயத்துலேருந்து பெரிய ரோட்டுப் பக்கம் வர ஒரு ஏத்தம் இருக்கு.

பதில்: தம்பி, நீ கடைசியா எழுதின அந்த ஏத்தத்துலேருந்துதான் கணக்க ஆரம்பிக்கணும். ஆளும் போர்டும் சேர்ந்து 80 கிலோன்னு வச்சுக்கோ, 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறுற பாதை, அதுல மணிக்கு 20 கிலோமீட்டர்ல ஏறணும்னா வீலுக்கே 500 வாட் போய்ச் சேரணும், அதுவும் மேல போய்ச் சேர்ற வரைக்கும் விடாம. வைப்பர் மோட்டர் நிமிஷத்துக்கு 60 சுத்து அளவுலதான் சுத்தும், 90 மில்லிமீட்டர் குறுக்களவு வீல்ல நேரா மாட்டினா மணிக்கு 1 கிலோமீட்டர்தான் வரும், பல்சக்கரம் போட்டு வேகத்தக் கூட்டினா இருக்குற முறுக்கு விசையும் போயிடும். அத மாமாகிட்டயே விட்டுடு.

6374ங்கிறது சைஸ், குறுக்களவு 63 மில்லி, நீளம் 74 மில்லி. கேவிங்கிறது சுமை இல்லாம ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தன சுத்துங்கிறது, அவ்வளவுதான். கேவி கூட இருந்தா மோட்டர் பலமானதுன்னு நெறைய பேரு நெனச்சு வாங்கிடுறாங்க, உண்மையில கேவி கொறைஞ்சாத்தான் ஒவ்வொரு ஆம்பியருக்கும் முறுக்கு கூட கெடைக்கும். நீ பாத்த 190 கேவிய 10 செல் வரிசை பேட்டரியில, அதாவது 36 வோல்ட்டுல போட்டா 6840 சுத்து, பெல்ட் ஓடுற பல்சக்கரம், அதான் புல்லி, மோட்டர்ல 16 பல்லு வீல்ல 36 பல்லுன்னா வீல் 3040 சுத்து சுத்தும், 90 மில்லி வீலுக்கு அது மணிக்கு 51 கிலோமீட்டருக்கு மேல. ஆள் ஏறினா அதுலேருந்து கொறையும், ஆனாலும் செம்பனை லோரி போற, மண்ணு கொட்டிக் கெடக்குற பாதைக்கு அந்த வேகம் எதுக்கு? அதே பேட்டரியில 170 கேவி எடுத்து வீல் புல்லிய 40 பல்லா மாத்திப் பாரு, சுமை இல்லாம 41 வரும், ஓட்டும்போது 30, 35, கொறைஞ்ச வேகமெல்லாம் ஏத்தத்துல முறுக்கா கெடைக்கும். எனக்குக் கேட்டா உனக்கு 170தான் சரி, அதுலயும் ஹால் சென்சர் (மோட்டர் எந்த நிலையில நிக்குதுன்னு கன்ட்ரோலருக்கு, அதாவது மோட்டருக்குக் கரண்ட்ட அளந்து குடுக்குற பெட்டிக்கு, சொல்றது) உள்ளதா பாத்து வாங்கு, சென்சர் இல்லாத மோட்டர் நின்ன எடத்துலேருந்து ஆள ஏத்திக்கிட்டு கெளம்பும்போது திக்கித் திக்கி நடுங்கும், ஏத்தத்துல நிறுத்திட்டா காலால தள்ளித்தான் ஆகணும்.

காசு இருந்தா ரெண்டு மோட்டர் போடு, ரெண்டு பின் வீலும் தள்ளும், சூடும் ரெண்டா பிரியும். ஹப் மோட்டர் உங்க பாதைக்கு வேணாம், பல்லுக் கணக்கு மாத்த வழியே கெடையாது, மோட்டர் மேல சுத்தியிருக்குற ரப்பர் மெல்லிசு, ஒவ்வொரு கல்லு அடியும் நேரா மோட்டருக்குத்தான் போகும். நல்ல தார் ரோட்டுக்கு அது சரி.

மாட்டுற வேலையிலதான் நெறைய போர்டு கெட்டுப்போவுது, அதனால இத நிதானமா படி. 90 மில்லி வீல்னா அச்சு தரையிலேருந்து 45 மில்லி ஒசரம், மோட்டர்ல பாதி 31.5 மில்லி, அச்சுக்கு நேரா படுக்க மாட்டினா தரைக்கும் மோட்டருக்கும் 13 மில்லிதான் இடைவெளி, கீழ கெடக்குற ஒரு செம்பனைப் பழம் போதும் இடிக்க. அதனால மோட்டரப் பிடிச்சிருக்குற மவுண்ட்ட மேல பாத்த மாதிரி சாய்ச்சு இறுக்கு, இறுக்கிட்டு போர்டு மேல நின்னு ரெண்டு பக்கமும் நல்லா சாஞ்சு பாரு, மோட்டர் பலகையில இடிக்கக் கூடாது. ரெண்டு மோட்டர்னா நீளமே 148 மில்லி ஆயிடுது, மவுண்ட் தகடு, வயர் எல்லாம் வேற, அதனால ஹேங்கர் (ரெண்டு வீலுக்கும் நடுவுல அச்சப் பிடிச்சிருக்குற உலோகப் பாகம்) அகலத்த அளந்துட்டு அப்புறம் ஆர்டர் பண்ணு. மோட்டர் முகத்துல போடுற ஸ்குரூ நீளமா போனா உள்ள செம்புக் கம்பிய குத்திடும், இது ரொம்ப பேருக்குத் தெரியாம புது மோட்டரே போயிடுது. ஓட்டையோட ஆழத்த ஒரு கம்பி விட்டு அளந்து, தகடு கனத்தையும் கூட்டி, அதவிட கொஞ்சம் சின்னதா ஸ்குரூ வாங்கு. மாட்டினப்புறம் கையால சுத்திப் பாரு, மல்ட்டிமீட்டர்ல மோட்டர் உடம்புக்கும் மூணு வயருக்கும் நடுவுல பீப் சத்தம் வரக் கூடாது.

புல்லியோட குட்டி ஸ்குரூ எல்லாத்துக்கும் நீல நிற லாக்டைட் (ஸ்குரூ கழராம பிடிக்கிற பசை) போடு, இல்லன்னா அதிர்வுல கழண்டுடும். பெல்ட் 5எம் பல்லு (ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 5 மில்லி), 15 மில்லி அகலம். ரெண்டு புல்லியும் ஒரே கோட்டுல இருக்கணும், கோணலா இருந்தா பெல்ட் ஓரம் பிஞ்சுக்கிட்டே வரும். லூசா இருந்தா பிரேக் போடும்போது பல்லு தாவும், ரொம்ப இறுக்கினா மோட்டர் பேரிங் சீக்கிரம் போயிடும், நடுவுல விரலால அழுத்தினா கொஞ்சமா அமுங்கணும். செம்மண்ணு பெல்ட்ட அரைச்சுடும், ஒரு மூடி போட்டுடு. மோட்டர் தலைகீழா சுத்தினா பயப்படாத, கன்ட்ரோலர் செட்டிங்ல திசைய மாத்து, சென்சர் இல்லாத மோட்டர்னா மூணு வயர்ல எதாவது ரெண்ட மாத்திக் குடுத்தாலே போதும்.

கேள்வி: அண்ணா, என் போர்டு ஓடுது, ஆனா வீடு மேட்டுல, காலையில புல் சார்ஜ்ல எறங்கும்போது பிரேக் சரியா பிடிக்கல, சாயங்காலம் நல்லா பிடிக்குது. மோட்டர் கோளாறா?

பதில்: மோட்டர் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. பிரேக் போட்டா அதே மோட்டர் ஜெனரேட்டரா மாறி கரண்ட்ட பேட்டரிக்கே திருப்பி அனுப்புது. 10 செல் பேட்டரி 42 வோல்ட்டுல நெறஞ்சு கெடக்கும்போது அதுக்குள்ள போக எடமில்ல, கன்ட்ரோலர் பிரேக்க கொறைக்கும், பேட்டரியோட பாதுகாப்பு போர்டு வெட்டிட்டா பிரேக் சுத்தமா போயிடும். அது உயிருக்கு ஆபத்து, அதனால 90 சதவீதத்துல சார்ஜ நிறுத்து, எறக்கத்துல கால் பிரேக்கும் பழகிக்கோ.

கேள்வி: ஐயா, என் மகன் இந்த மாதிரி போர்டு செஞ்சு டவுனுக்கு ஓட்டிட்டுப் போறேங்கிறான். விடலாமா?

பதில்: ரோட்டுக்கு விடாதீங்கம்மா. மலேசியாவுல 2021 டிசம்பர்ல வந்த விதிப்படி இந்த மாதிரி சின்ன மின்சார வண்டிகள பொது ரோட்டுல ஓட்டக் கூடாது. செய்யட்டும், தடுக்காதீங்க, வண்டி வராத திடல்ல ஹெல்மெட், முழங்கால் கவசத்தோட ஓட்டட்டும், பேட்டரிய மட்டும் ராத்திரி தூங்கும்போது சார்ஜ்ல போட விடாதீங்க.